ஒருநாள்கூட லீவு போடாதவள்

1

நான் இந்த நாட்டுக்கு வந்து இந்த வாரத்தோடு ஆறு வருடம் முடிகிறது. அதே ஆறு வருடமும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஒரு மருந்துக் கடையில், ஒருநாள்கூட லீவு போடாமல், முழு நேர வேலையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் எழுத்தில் ஆதாரம் இருக்கிறது. முதலாவதற்கு என் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரை. இரண்டாவதற்கு என் கணவரின் அண்ணன் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் வைத்து அனுப்பிய கடிதம்.

சிரிப்பு வரலாம். எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. இப்போது வரவில்லை. அந்தக் கடிதத்தால் நான் எதை இழந்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். குடும்ப விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தும் போட்டேன். கடைசியில், பேசாமல் இருந்துதானே இவ்வளவும் ஆயிற்று என்று கோபம் வந்துவிட்டது.

என் நிஜமான வேலையைச் சொல்கிறேன். ஒஹாயோ மாநிலத்தில் நடுத்தரமான ஓர் ஊர். அங்கே ஓர் ஆஸ்பத்திரி. தரைக்குக் கீழே மருந்துப் பிரிவு. அதில் நான் உதவியாள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சின்ன இழுப்பறை உள்ள தள்ளுவண்டியில் அன்றைக்கு வேண்டிய மாத்திரைகளை நிரப்பி வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நான் நிரப்பியதை ஒரு பார்மசிஸ்ட் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். நான் அவளுடைய தவறுகளைக் கண்டுபிடித்தாலும் "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றுதான் சொல்ல வேண்டும். தவறு என்று சொல்லும் உரிமை எனக்கில்லை.

என் மகள் அருணாவுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் படம் வரையச் சொன்னார்களாம். என்னை அந்த வண்டியோடு வரைந்து, கீழே இங்கிலீஷில் "என் அம்மா தள்ளுகிறாள்" என்று எழுதியிருந்தாள். என்னத்தைத் தள்ளுகிறேன் என்று எழுதவில்லையே என்றேன்.

"எழம் இல்லம்மா" என்றாள். இடம் என்பது அவள் வாயில் அப்படித்தான் வருகிறது. திருத்தினால் இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறாள். அதனால் இப்போதெல்லாம் திருத்துவதில்லை. அதுவும் சரியா என்று தெரியவில்லை.

பி.பார்ம். முதல் வகுப்பில் தேறியவள் நான். இங்கே வந்து வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பரீட்சையும் எழுதித் தேறினேன். அடுத்த படி ரெசிடென்சி. ஆஸ்பத்திரியிலேயே ஒரு வருடம், டாக்டர்களோடு வார்டு வார்டாக நடந்து, எழுதிய மருந்து சரிதானா, அளவு சரிதானா என்று பார்த்துப் பழகும் பயிற்சி. அது கிடைத்தால் வண்டியை விட்டுவிடலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஓர் இடம். அந்த ஓர் இடத்துக்குத்தான் மனு போட்டேன்.

2

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், என்னைப் பார்ப்பதற்கு முன் என் சர்டிபிகேட்டைப் பார்த்தார்கள்.

அப்பா விக்கிரமங்கலத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மாப்பிள்ளை வீடு பெரம்பலூர். மாப்பிள்ளையின் அண்ணன்தான் பேசினார். அவரைத்தான் நான் பின்னால் மாமா என்று கூப்பிட்டேன். அப்பா என் மார்க் பட்டியலை எடுத்து நீட்டினார்.

"மார்க்கு கெடக்கட்டுங்க. பார்மசி கவுன்சில்ல பதிஞ்சாச்சுங்களா?"

"பதிஞ்சாச்சுங்க. சர்டிபிகேட் வந்து ரெண்டு மாசமாச்சு."

"ஒரிஜினல் கைவசம் இருக்குங்களா?"

அப்பா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நல்ல நாள் பாத்துருவோம்" என்றார். சமையல்கட்டில் அம்மா என் காதில், "பொண்ணு கறுப்பா செவப்பான்னு கூட கேக்கலியேடி, தங்கமான மனுசங்க" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. படிப்புக்கு மரியாதை கொடுக்கிற குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் இல்லாமல் மருந்துக் கடைக்கு லைசென்ஸ் கிடையாது. அவருடைய சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்ட வேண்டும். மாமாவுக்குப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. அதுவரை திருச்சிக்காரர் ஒருவருடைய சர்டிபிகேட் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திருப்பிக் கேட்டுவிட்டார். அந்த நேரத்தில்தான் நான் அகப்பட்டேன். சர்டிபிகேட் சீரோடு சீராக வண்டியேறியது. பீரோவையும் கட்டிலையும் இறக்குவதற்கு முன்னால் அதை இறக்கி ஆணியடித்து மாட்டினார்கள்.

கல்யாணமாகி ஆறாம் மாதம் இவர் அமெரிக்காவுக்கு வந்துவிட்டார். என் விசா வருவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் நான் கடையில் நிஜமாகவே உட்கார்ந்தேன். மாமாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "நீ எதுக்கும்மா வெயில்ல வந்துகிட்டு, அதான் சர்டிபிகேட் இருக்குல்ல" என்பார். ஆனாலும் போனேன்.

ஒருநாள் ரஞ்சன்குடியிலிருந்து ஓர் அம்மாள், மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் சீட்டில் டெட்ராசைக்ளின். மாமா கேப்சூலைப் பிரித்து மருந்தைப் பாதி பாதியாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைக்கு அது ஆகாது. முளைக்கிற பல் மஞ்சளாகி, அப்படியே நின்றுவிடும்.

"மாமா, இத குடுக்காதீங்க" என்றேன்.

"டாக்டரு எழுதிருக்காரும்மா."

"எழுதிருந்தாலும் வேணாம்."

அந்த அம்மாள் பயந்துபோய், "என்னங்க, வெசமா?" என்றாள். மாமா முகம் சிவந்துவிட்டது. நான் சீட்டை எடுத்துக்கொண்டு நாலு கடை தள்ளியிருந்த டாக்டரிடமே போனேன். கால் நடுங்கியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அட, ஆமால்ல" என்று பேனாவை எடுத்து மாற்றி எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். திட்டவில்லை.

மாமாதான் திட்டினார். "டாக்டர்கிட்டயே போயி நொட்டை சொல்லிட்டு வந்தா, நாளைக்கு அவரு சீட்டை நம்ம கடைக்கு அனுப்புவாரா? இனிமே நீ கல்லாவப் பாத்துக்க, மருந்தப் பாக்க வேணாம்."

நான் சரி என்றேன். என் வாழ்க்கையில் நான் அதிகமாகச் சொன்ன சொல் அதுதான்.

நான் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் மாமா ஒரு கட்டு பில் புத்தகம் கொண்டுவந்து டிரங்குப் பெட்டி மேல் வைத்தார். "மருந்தாளுநர் கையொப்பம்" என்று அச்சடித்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். இன்னும் ரெண்டு புத்தகம்தான் என்று முடித்துவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு லைசென்ஸ் புதுப்பிக்கும் பாரங்கள் இரண்டு தடவை ஒஹாயோவுக்கே தபாலில் வந்தன. இரண்டு தடவையும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இதைச் சொல்லாமல் மற்றவர்கள் மேல் மட்டும் கோபப்படுவது நியாயமில்லை.

மருந்து இன்ஸ்பெக்டர் வந்து "மேடம் எங்கே?" என்று கேட்கும் போதெல்லாம் "பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க சார்" என்று சொல்வார்களாம். என் ஓரகத்தி இதைக் கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருந்தாள். ஆறு வருடமாக இதே பதில். அந்தக் கணக்கில் விக்கிரமங்கலத்தில் எனக்கு ஆறேழு பிள்ளைகள் இருக்க வேண்டும். நானும் இவரும் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

3

ரெசிடென்சிக்கு யாரை எடுப்பார்கள், எதைப் பார்த்து எடுப்பார்கள்? நம் பிள்ளைகள் இங்கே வரத் துடிக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதே வயிறு எரிகிறது.

முதலில் மார்க். எனக்கு நூற்றுக்கு அறுபத்து நாலு. எங்கள் காலேஜில் அறுபது வாங்கினாலே முதல் வகுப்பு, வகுப்பில் பாதிப் பேர் அதற்குக் கீழே. இங்கே அறுபத்து நாலு என்றால் தேறாதவள். நான் தேறியவள்தான் என்று விளக்கி ஒரு காகிதம் எழுதி, மார்க் பட்டியலோடு பின் குத்தி அனுப்பினேன். அதைப் பார்த்தால் தப்பு செய்தவள் சமாதானம் சொல்வது போலிருந்தது.

பிறகு ஆசிரியர் கடிதம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இவள் இன்ன கேள்வி கேட்டாள், இன்ன வேளையில் துணிந்து பேசினாள் என்று. எனக்கு வந்தது இரண்டு வரி. "எனக்குத் தெரிந்தவரை இவருடைய நடத்தை திருப்திகரமானது." நம் ஊரில் அது நல்ல சான்றிதழ். இங்கே அதைப் படிப்பவர்கள், இவர் வேறு ஒன்றும் சொல்ல விரும்பவில்லை போலிருக்கிறது என்று புருவத்தைத் தூக்குகிறார்கள். நான்கு வருடம் முதல் வரிசையில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவளைப் பற்றி அவரும்தான் என்ன எழுதுவார்? அவர் கேள்வி கேட்கச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதே இல்லை.

இடைவெளி என்று ஒன்று கேட்கிறார்கள். வேலையில்லாமல் இருந்த மாதங்களுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம். பிள்ளை பெற்றேன், பால் கொடுத்தேன், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எழுத அந்தக் கட்டம் போதாது. "குடும்பப் பொறுப்புகள்" என்று எழுதினேன். அந்த வார்த்தை எனக்கு எதிராகத்தான் பேசியது. நேர்முகத்தில் முதல் கேள்வியே, "வார இறுதியில் வேலை முறை வந்தால் உங்கள் மகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்னோடு மனுப் போட்ட ஆண் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள். அவரிடம் கேட்கவில்லை. நான் அவரிடமே விசாரித்தேன்.

கடைசியாக, முன் அனுபவம். முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து தேதி போட்ட கடிதம் அவர்களுக்கு நேராக வர வேண்டும். நான் திறந்து பார்க்கக் கூடாது. நான் கடையில் இருந்த எட்டு மாதத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள் என்று மாமாவுக்கு எழுதினேன்.

4

நேர்முகத்தில் கேள்வி கேட்டது, பயிற்சிக்குத் தலைவியான மிஸஸ் வார்னர் என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தவே மாட்டாள். அதுவே எனக்குப் பயம்.

"டாக்டர் எழுதியதை மறுத்து நீங்கள் ஏதாவது செய்ததுண்டா?" என்று கேட்டாள்.

எனக்கு ரஞ்சன்குடிப் பிள்ளை ஞாபகம் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடங்காதவள் என்று நினைப்பார்களோ என்று பட்டது. "இல்லை, நான் எப்போதும் டாக்டர் சொன்னபடியேதான் செய்வேன்" என்றேன். அவள் எதையோ சிறிதாக எழுதிக்கொண்டாள்.

பிறகு இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று இந்த ஆஸ்பத்திரியிலேயே என் வேலைப் பதிவு. மற்றது மாமாவின் கடிதம். அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்த்தேன். கடையில் சேர்ந்த தேதி சரியாக இருந்தது. அதற்குப் பிறகு "இன்றைய தேதி வரை" என்று இருந்தது. முழுப் பொறுப்பில், முழு நேரமாக, ஒருநாள்கூட லீவு எடுக்காமல்.

"நீங்கள் இங்கேயும் வேலை செய்கிறீர்கள், அங்கேயும் வேலை செய்கிறீர்கள்?"

"டைப் அடித்ததில் தவறு" என்றேன்.

"அப்படியானால் திருத்திய கடிதம் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தால் போதும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

5

மறுநாள் காலை ஆபரேட்டர் மூலம் கடைக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் பஸ் ஹாரன், "துறையூர், துறையூர்" என்று கண்டக்டர் கத்துவது எல்லாம் கேட்டது.

"யாரு, செல்வியா? நல்லாருக்கியாம்மா? பாப்பா நல்லாருக்கா? லெட்டரு வந்துச்சா? வக்கீல் குமாஸ்தாகிட்ட இங்கிலீசு பாத்து, டவுன்ல டைப் அடிச்சு அனுப்புனேன். எப்படி?"

"மாமா, நான் எட்டு மாசந்தான் இருந்தேன். நீங்க இன்னிவரைக்கும்னு எழுதிட்டீங்க."

"கூடத்தானம்மா எழுதிருக்கேன், கொறச்சா எழுதிட்டேன்?"

"நான் இங்க இருக்கறது இவங்களுக்குத் தெரியும் மாமா. இங்கதான் வேல பாக்கறேன்."

மாமா சிரித்துவிட்டார். "அட ஆமா! அது தோணவே இல்ல பாரு. உனக்கு நல்லது செய்யலாம்னுதான்... சரி, டைப் அடிச்சவன் தப்புன்னு சொல்லிடு."

"சொல்லிட்டேன். திருத்தி அனுப்பச் சொல்றாங்க. எம்பதாம் வருசத்தோட நின்னுட்டாள்னு ஒரு வரி போட்டு அனுப்புங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அது எப்படிம்மா? எம்பதுலயே நீ போயிட்டேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, இத்தினி வருசமா கடையில ஆளே இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆவுமே."

"அமெரிக்காவுல இருக்கற காகிதம் பெரம்பலூருக்கா வரப்போவுது?"

"பெரம்பலூர் காகிதம் அமெரிக்காவுல போயி உன்னை மாட்டி வுடலியா?"

படிக்காதவர் என்று நாங்கள் சொல்லும் மனிதர், என்னைவிடத் தெளிவாகப் பார்த்தார்.

"இப்ப யாரு மாமா மருந்து எடுத்துக் குடுக்கறா?"

"நாந்தான். உனக்கு முன்னாடியும் நாந்தான். இந்தக் கடை மருந்துல எவன் செத்தான் சொல்லு? உன் வூட்டுக்காரன இஞ்சினியராக்குனது இந்தக் கடை. உன்னைய பிளேன்ல ஏத்துனது இந்தக் கடை. இப்ப உனக்கு ஒரு வேல ஆவணும்னா என் கடைய மூடணுமா?"

"மூடச் சொல்லல மாமா..."

"வேற என்ன சொல்ற?"

ஆபரேட்டர் இடையில் வந்து நேரம் சொன்னாள். "சரி மாமா" என்று வைத்துவிட்டேன். பாருங்கள், அப்போதும் சரி.

6

என் கணவர் கெட்டவர் அல்ல. பாத்திரம் கழுவுவார், அருணாவுக்குத் தலை பின்னிவிடுவார். ஆனால் அண்ணன் என்ற சொல் வந்தால் வேறு ஆளாகிவிடுவார்.

"ஒரு வருஷம் தள்ளிப்போனா என்ன குறைஞ்சுடும்? இங்க சாப்பாட்டுக்கு இல்லாமயா இருக்கோம்?"

"அடுத்த வருஷமும் அதே லெட்டர்தானே கேப்பாங்க?"

"அப்ப அந்தக் கடையில வேல பாத்ததையே சொல்லாத. விட்டுடு."

அந்த வார்த்தைதான் என்னை உடைத்தது. சர்டிபிகேட் அங்கே ஆறு வருடமாக வேலை செய்யலாம், நான் நிஜமாக உழைத்த எட்டு மாதத்தை மட்டும் நான் அழித்துவிட வேண்டும். நடுங்கும் காலோடு டாக்டர் வாசலுக்குப் போனவள் இல்லவே இல்லை. பில் புத்தகத்தில் இருப்பவள்தான் இருக்கிறாள்.

போன ஆயுத பூஜைக்குக் கடையில் எடுத்த படம் ஒன்று ஆல்பத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சர்டிபிகேட்டின் கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. மூலையில் ஒட்டிய என் சின்னப் படத்துக்கு மேலேயே மாலை தொங்கியது. அருணா எட்டிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் கேட்டாள்: "அம்மா, அந்த ஊரில் நீ செத்துப் போய்விட்டாயா?" படத்துக்கு மாலை போட்டால் செத்தவர்கள் என்று, எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் மாமனார் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். இவர் "சீ, அப்படிச் சொல்லாதே" என்றார். எனக்கு அவள் கேட்டது தப்பாகப் படவில்லை.

கேட்காமல் இருந்த ஒரு கேள்வியை அன்றைக்குத்தான் எனக்கு நானே கேட்டேன். நான் வந்த பிறகு அந்தக் கடையில் எத்தனை பிள்ளைகளுக்குக் கேப்சூலைப் பிரித்துப் பாதி பாதியாக மடித்துக் கொடுத்திருப்பார்கள்? அத்தனை பில்லிலும் என் கையெழுத்து. மஞ்சள் பல்லோடு ரஞ்சன்குடியில், குரும்பலூரில், எங்கெங்கோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். அவர்களுக்குத் தாய்மார்கள் இருக்கிறார்கள். இங்கே என் பிள்ளைக்கு ஒரு துளி இருமல் மருந்து கொடுக்க நான் சீசாவின் எழுத்தை மூன்று தடவை படிக்கிறேன்.

7

மிஸஸ் வார்னரிடம் நானே நேரம் கேட்டுப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. கதவருகே போய்த் திரும்பி வந்து, மறுபடி போனேன்.

"டைப் தவறு இல்லை" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ரஞ்சன்குடிப் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன்.

"அன்றைக்கு நான் கேட்டது இதைத்தான். ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் அடங்காதவள் என்று நினைப்பீர்களோ என்று."

பேனாவை மூடி வைத்தாள்.

"இப்போது அங்கே மருந்து கொடுப்பது யார்?"

"என் கணவரின் அண்ணன்."

"அவர் பார்மசிஸ்டா?"

"இல்லை."

"யார் பெயரில் கொடுக்கிறார்?"

"என் பெயரில்."

"இது எப்போது நிற்கும்?"

"நான் என் கவுன்சிலுக்கு எழுதினால்."

"எழுதிவிட்டீர்களா?"

"இல்லை."

அவள் கோபப்படவில்லை. கோப்பை மெதுவாக மூடினாள். "இந்த வருடம் என்னால் முடியாது. எழுதிய பிறகு அடுத்த வருடம் மனுப் போடுங்கள். நான் படிப்பேன்" என்றாள்.

வெளியில் வந்ததும் எனக்கு அவள் மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. சொல்வது எவ்வளவு சுலபம்! பிறந்தது முதல் இந்த நாட்டில் இருந்துகொண்டு, எழுதிவிட்டீர்களா என்று கேட்பதற்கு என்ன? எழுதினால் ஒரு கூட்டுக் குடும்பத்தின் சோறு போகும், என் அப்பா பெரம்பலூர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது, இவருக்கு அண்ணன் இல்லாமல் போவார் என்பது அவளுக்குத் தெரியுமா? மகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டவள்தானே? பஸ் வருவதற்குள் அந்த ஆத்திரம் தீர்ந்துபோயிற்று. அவள் சொன்னதில் தவறு இல்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

அந்த வாரமே கவுன்சிலுக்கு எழுதினேன். இன்ன கடையில் நான் எட்டு மாதம்தான் வேலை செய்தேன், அதற்குப் பிறகு என் பெயரில் நடந்ததற்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், என் பெயரை அந்தக் கடையிலிருந்து எடுத்துவிடுங்கள், எனக்கு என்ன தண்டனை உண்டோ அதற்குக் கட்டுப்படுகிறேன். இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "போஸ்ட் ஆபீஸுக்கு நான் வர மாட்டேன். தடுக்கவும் மாட்டேன்" என்றார். பனியில் அருணாவை இழுத்துக்கொண்டு நடந்தே போனேன். பதிவுத் தபால் ரசீதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பிப் போய்க் கடிதத்தைக் கேட்டால் கொடுப்பார்களா என்றுகூட நினைத்தேன். அதன் பிறகு ஒரு மாதம் போன் மணி அடித்தால் இவரையே எடுக்கச் சொன்னேன். கடை மூடிவிட்டது, மாமாவைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது என்றெல்லாம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

8

மாசி பிறந்ததும் அப்பாவின் கடிதம் வந்தது. நீ இப்படிச் செய்திருக்க வேண்டாம், பொறுத்துப் போயிருக்கலாம் என்று முதல் பக்கம் முழுக்க. இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம்.

கடை ஒருநாள்கூட மூடவில்லை. கவுன்சிலில் என் கடிதம் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தபோதே மாமாவின் மச்சினனுக்குத் தையில் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் செந்துறைப் பக்கம். மருந்தாளுநர் படிப்பு படித்தவள். மறு வாரமே என்னுடையதைக் கழற்றிவிட்டு அவளுடையதை மாட்டிவிட்டார்கள். அதே ஆணி. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனாராம். "யாருக்கும் கஷ்டமில்லை, நீயும் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே" என்று முடித்திருந்தார்.

யாருக்கும் கஷ்டமில்லை! ஒரு குடும்பத்தையே அழித்துவிட்டேன் என்று நான் இங்கே செத்துக்கொண்டிருந்தபோது, அங்கே அது ஒரு பெண் பார்க்கும் படலத்தில் சரியாகிவிட்டது. என் ஆறு வருடப் பயம், என் பயிற்சி இடம், எல்லாவற்றுக்கும் அந்தக் கடையில் இருந்த மதிப்பு ஓர் ஆணிதான்.

இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் மறுபடி மனுப் போடுவேன். கிடைக்குமா என்று தெரியாது. இன்றைக்கும் வண்டிதான் தள்ளினேன்.

ஆனால் நான் இதை எழுதுவது அதற்காக இல்லை. அந்தச் செந்துறைப் பெண்ணின் பெயரை அப்பாவிடம் கேட்டேன், சொல்லவில்லை. ஓரகத்தியிடம் கேட்டேன், பதிலே வரவில்லை. பெயர் தெரியாத ஒருத்திக்கு எப்படிக் கடிதம் போடுவது? இந்தப் பத்திரிகை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தங்கச்சி, நீ யாரென்று எனக்குத் தெரியாது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சர்டிபிகேட்டைத் திருப்பிக் கேள், சண்டை போடு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். புதுப் பெண் நீ, உன்னால் முடியாது. என்னாலேயே ஆறு வருடம் முடியவில்லை. ஒன்று மட்டும் செய். நாளைக் காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போ. "நீ எதுக்கும்மா வெயில்ல" என்பார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போ. கல்லாப் பக்கம் நாற்காலி போடுவார்கள். அதில் உட்காராதே. மருந்து அலமாரி ஓரத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு வாங்கு. அதில் உட்கார். வருகிற ஒவ்வொரு சீட்டையும் கை நீட்டி வாங்கி, நீயே படி.

யார் வந்து எழுந்திரு என்றாலும் சரி என்று சொல்லிவிடாதே.